குறுக்கே பேசாமல்

நவம்பர் 4, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். கொடியில் கிடந்த யூனிஃபார்ம் மறுபடி நனைந்துவிட்டது. ஈரத்தோடு போட்டுக்கொண்டு கிளம்பினேன். கம்பெனி வேன் ஆலங்குடி வருவதற்குள் இருபது நிமிடம் தாமதம்.

தீபாவளி லீவு முடிந்து முதல் நாள். என் லைனில் முப்பத்திரண்டு தையல் மெஷின். வந்தவர்கள் இருபத்தைந்து பேர். காலர் வைக்கிற இரண்டு பேருமே இல்லை. நானே ஒரு மெஷினில் உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் ஆகிப் பத்து வருடம், இன்னும் கை மறக்கவில்லை. சின்ன சந்தோஷம்.

மதியம் எச்.ஆர். சார் கூப்பிட்டு அனுப்பினார். நாளையும் நாளை மறுநாளும் பயிற்சி. மனசு சரியில்லாதவர்களிடம் எப்படிப் பேசுவது என்று. செக்ஷனுக்கு இரண்டு பேர்.

"சார், ஷிப்மென்ட் இருக்கு. நான் ரெண்டு நாள் உள்ள உக்காந்தா லைன யாரு பாக்குறது?"

"நீங்கதான் எல்லார்கிட்டயும் நல்லாப் பேசுவீங்களேம்மா. அதான் ஒங்க பேரப் போட்டேன்."

வீட்டில் சொன்னதும் இவருக்குச் சிரிப்பு. "செல்வராணிக்குப் பேசக் கத்துக் குடுக்கப் போறாங்களா? பேசாம இருக்கத்தான் கத்துக் குடுக்கணும்." சொல்லிவிட்டு முல்லைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். மருந்தடிக்க வேண்டும், மழை விட மாட்டேன் என்கிறது.

எங்கள் லைனிலிருந்து போகும் இன்னொரு ஆள் ஜெயந்தி. செக்கிங் டேபிள். தைத்து வரும் சட்டையைப் பார்த்துத் தேறும், தேறாது என்று பிரிப்பவள். அவளுடைய அம்மா இறந்து ஐந்து மாதம். அன்றிலிருந்து என்னிடம் பேச்சு இல்லை. வேறு யாரிடமும்கூட இல்லைதான். ஆனால் எனக்குத்தான் உறுத்துகிறது. அதற்குக் காரணம் உண்டு. எழுத இப்போது மனசு வரவில்லை.

வாங்க வேண்டியது: பாமாயில், சொட்டு நீலம், இவர் செருப்புக்கு வார்.


நவம்பர் 5, செவ்வாய்

வெயில். பயிற்சி கேன்டீனில். மேசைகளை ஓரம் தள்ளி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பத்துப் பேர். சாம்பார் வாசனை நாள் முழுக்க.

நடத்துபவர் அனிதா மேடம், திருச்சியிலிருந்து வருகிறார். சின்ன வயசு. சத்தம் போடாமல் பேசுகிறார், அதனாலேயே எல்லாரும் கவனிக்கிறார்கள்.

முதல் கேள்வி: ரொம்ப வருத்தமாக இருக்கிறவரிடம் என்ன சொல்வீர்கள்? ஆளுக்கொன்று சொன்னோம், போர்டில் எழுதினார்.

எல்லாம் சரியாயிடும்.
ஒனக்கென்ன கொறச்சல்?
ஒன்னவிட கஷ்டப்படறவங்களப் பாரு.
சாமியக் கும்பிடு.
வேலையில கவனத்த வையி, மறந்துரும்.
எனக்கும் இப்புடித்தான் இருந்துச்சு. (அப்புறம் அரை மணி நேரம் நம் கதை.)

எழுதி முடித்துவிட்டுத் திரும்பினார். "இதுல எதையாச்சும் ஒங்ககிட்ட ஒருத்தர் சொல்லி, ஆறுதலா இருந்திருக்கா?" ஒரு கைகூட உயரவில்லை. ஆறும் நான் சொன்னவைதான், பல பேரிடம், பல வருடமாக.

பிறகு பயிற்சி: ஒருவர் மூன்று நிமிடம் பேச, இன்னொருவர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். எனக்குக் கட்டிங் ராஜேந்திரன் அண்ணன். அவர் முழங்கால் வலியைப் பற்றி ஆரம்பித்தார். நான் உடனே எண்ணெய் வைத்தியர் ஒருவரைச் சொன்னேன். பிறகு சப்பாத்தி சாப்பிடச் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணிக்காட்டினார். "தங்கச்சி, நாலு தடவ குறுக்க வந்துட்ட."

இரண்டாவது முறை நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்று நிமிடம் அவ்வளவு நீளம் என்று இன்றுதான் தெரிந்தது. அண்ணன் கடைசியில் சொன்னது வலியைப் பற்றி இல்லை. நின்று வெட்ட முடியாமல் போனால் வீட்டில் என்னை யார் மதிப்பார்கள் என்று ஒரு பயம். ஒன்பது வருடமாக ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறோம். இதைக் கேட்கும் அளவுக்கு நான் வாயை மூடியதே இல்லை.

மதியத்துக்குமேல் கஷ்டமான பாடம். சந்தேகம் வந்தால் நேராகக் கேட்க வேண்டுமாம், சாகிற நினைப்பு வருகிறதா என்று. சுற்றி வளைக்கக் கூடாது.

அயர்னிங் செக்ஷன் பொண்ணு ஒருத்தி எழுந்தாள். "நாமளா கேட்டா, நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடாதா மேடம்?"

"ஆகாது. நெனப்பு இல்லாதவங்க இல்லன்னு சொல்லிருவாங்க. இருக்கறவங்களுக்கு, அப்பாடா, கேக்க ஒரு ஆளு வந்துச்சேன்னு இருக்கும்."

எல்லாரும் அந்த வாக்கியத்தை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிரிப்பு, இருமல், தலைகுனிவு. நான் கேட்டது, 'இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா' என்று கேட்கிற மாதிரி இருந்ததாம். ஜெயந்தி மட்டும் சிரிக்கவில்லை. திக்காமல், தெளிவாகச் சொன்னாள்.


நவம்பர் 6, புதன், மாலை 6.20

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். கை கால் கழுவவில்லை. முதலில் இதை எழுத வேண்டும், எழுதினால்தான் எனக்கே புரியும்.

இன்று நடித்துப் பழகுவது. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ஜெயந்தி. ஐந்து ஜோடியும் ஒரே நேரத்தில் பேசினோம், சந்தை இரைச்சல். மற்றவர் காதில் ஒன்றும் விழுந்திருக்காது. அவள் கையில் ஒரு தாள்: 'நீங்கள் கணேசன், டிரைவர். மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. வேலையில் கவனம் இல்லை.' அவ்வளவுதான் அதில் இருந்தது. நானும் பார்த்தேன்.

நான் கேள்விகளைப் பரீட்சை மாதிரி வாசித்தேன். தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறீர்களா. அவள் தூக்கம் இல்லை என்றாள். அப்புறம் அவளாகவே:

"காலையில எந்திரிச்சு ரெண்டு டம்ளர் எடுத்து வைக்கிறேன். ஒன்னத் திருப்பி வைக்கிறேன். தெனமும்."

"எல்லாத்தையும் ஒதுங்க வெச்சாச்சு. வீட்டுச் சாவிய பக்கத்து வீட்டுல குடுக்கணும். அது ஒன்னுதான் பாக்கி."

நேரம் முடிந்தது என்று மேடம் கைதட்டினார். நான் ஜெயந்தியிடம் சொன்னேன், "நல்லா நடிச்ச." ஐந்து மாதத்தில் அவளிடம் நானாகப் பேசிய முதல் பேச்சு அது.

வேனில் வரும்போதுதான் உறைத்தது. கணேசன் டிரைவர். பெண்டாட்டி பிள்ளை இருக்கும். ஒரு டம்ளரை ஏன் திருப்பி வைக்கிறான்? ஜெயந்திக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவும் அவளும் மட்டும்தான். அண்ணன் திருப்பூரில்.

காரணம் என்று திங்கட்கிழமை எழுதாமல் விட்டதையும் எழுதிவிடுகிறேன். ஜூன் மாதம். காலை பதினொரு மணி. கேட்டிலிருந்து செக்யூரிட்டி என்னிடம் வந்து சொன்னார், ஜெயந்தியோட அம்மாவுக்கு மூச்சு வாங்குது, உடனே வரச் சொல்றாங்க என்று. அன்று ஷிப்மென்ட். வாங்குகிற கம்பெனி ஆட்கள் வந்து நின்றார்கள். செக்கிங் டேபிளில் அவளை விட்டால் ஆள் இல்லை. மூன்று வருடமாகப் படுக்கையில் இருக்கிற அம்மா, அடிக்கடி இப்படி வருவதுதானே, சாப்பாட்டு நேரத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். பன்னிரண்டரைக்குச் சொன்னேன். அம்மா பன்னிரண்டேகாலுக்குப் போய்விட்டார்கள். கம்பெனியிலிருந்து அவள் வீடு ஆட்டோவில் அரை மணி நேரம்கூட இல்லை.

செக்யூரிட்டி போன மாதத்துக்கு முந்தின மாதம் வேலையை விட்டுவிட்டார். இது இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜெயந்திக்கு இரண்டு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. அனிதா மேடம் கடைசியில் எல்லாருக்கும் நம்பர் கொடுத்திருந்தார். அவரிடம் டம்ளர், சாவி எல்லாம் சொன்னேன். "தனியா இருக்காங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நாளைக்குன்னு வைக்காதீங்க. இப்பவே போங்க. நேராக் கேளுங்க. தனியா விடாதீங்க. நானும் போன்ல இருக்கேன்."

இவர் வண்டியை எடுத்துவிட்டார்.


நவம்பர் 7, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை. எழுதுவது பெரிய ஆஸ்பத்திரி வராண்டாவில், பையில் கிடந்த பில் புத்தகத்தின் பின்பக்கத்தில். வீட்டுக்குப் போய் நோட்டில் ஒட்ட வேண்டும்.

நேற்று நாங்கள் போனபோது ஏழு மணி ஆகவில்லை. கதவு திறந்திருந்தது. ஜெயந்தி காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். வீடு ரொம்பச் சுத்தமாக இருந்தது, விசேஷத்துக்கு ஆயத்தம் செய்த மாதிரி. இவர் வெளியே பக்கத்து வீட்டு சாந்தாவிடம் பேசிக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்னக்கா, இங்கிட்டு?"

உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"மத்தியானம் நீ சொன்னது கணேசன் கதை இல்ல. எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சுச்சு. ஜெயந்தி, செத்துப் போயிடலாம்னு தோணுதா ஒனக்கு?"

ஒரு பாவாடையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"தோணுது."

என் வாயில் வரிசையாக வந்து நின்றன, போர்டில் எழுதிய ஆறும். ஒன்றையும் விடவில்லை. இருக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். சாந்தா வீட்டு டி.வி.யில் விளம்பரம் ஓடியது. அது முடிந்து இன்னொன்று ஓடியது.

அப்புறம் அவளே பேசினாள். "அன்னிக்குக் காலையில அம்மா ரெண்டாவது தடவ டீ கேட்டுச்சுக்கா. டூட்டிக்கு நேரமாச்சுன்னு கத்திட்டு வந்துட்டேன். மூணு வருசம் பாத்தேன். கடேசியா என் வாயிலேருந்து அது கேட்டது அந்தக் கத்தலத்தான். எல்லாரும் வந்து, நல்ல சாவு, நீயும் விடுபட்டன்னு சொல்றாங்க. எனக்கும் மொத நாளு விடுபட்ட மாதிரிதான் இருந்துச்சு. அதான் பொறுக்க முடியல."

மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு: "அது அங்க இழுத்துக்கிட்டு இருக்கப்ப நான் இங்க பட்டன் எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். யாருமே எனக்கு முன்னாடியே சொல்லலயே."

சொல்லவா? சொன்னால் யாருக்காகச் சொல்கிறேன்? சொல்லவில்லை. அது சரியா தப்பா என்று இப்போதும் தெரியவில்லை.

எப்படி என்று யோசித்திருக்கிறாயா என்று கேட்டேன், அதையும் கேட்கச் சொல்லியிருந்தார்கள். அலமாரியைப் பார்த்தாள். அம்மாவுடைய மாத்திரைகள். "அத எங்கிட்டக் குடுக்குறியா?" என்றேன். எடுத்துக் கொடுத்தாள். சண்டை போடவில்லை. பையோடு இவரிடம் கொடுத்துவிட்டேன்.

மேடத்துக்குப் போன் போட்டு அவளிடமே கொடுத்தேன். பத்து நிமிடம் பேசினாள். திருப்பூருக்கு அண்ணனைக் கூப்பிட்டோம். நான் அங்கேயே படுத்துக்கொண்டேன். இவர் ஊருக்குத் திரும்பும்போது ஒன்று சொன்னார்: "சட்டி பானைய நான் பாத்துக்குறேன். நீ இரு."

இன்று காலை ஆஸ்பத்திரி. மனநலப் பிரிவு மாடியில். கூட்டம். வேட்டி கட்டிய ஒரு பெரியவர், கைக்குழந்தைக்காரி, காலேஜ் பொண்ணு. நான் நினைத்து வைத்திருந்த மாதிரி ஒருவரும் இல்லை. எல்லாரும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஆட்கள்தான். டாக்டரம்மா அவளிடம் அரை மணி நேரம் பேசினார். மாத்திரை ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுத்தார்கள், சாந்தா கையில் இருக்க வேண்டும் என்று சொல்லி. அடுத்த வியாழன் வரவேண்டும்.

அண்ணன் குமார் பதினொரு மணிக்கு வந்தார். தங்கச்சியைப் பார்த்ததும் திட்டத்தான் வாயைத் திறந்தார். "என்ன புத்தி..." நான் கையைப் பிடித்தேன். "கொஞ்சம் பேசாம இருங்க தம்பி. அவ சொல்லுவா." நானா சொன்னேன்.

இவருக்கு சஷ்டி விரதம். பழம் வாங்க மறந்தாயிற்று.


நவம்பர் 9, சனி

கேஸ் புக் செய்தேன். மோட்டாரில் காற்று அடைத்துக்கொண்டது, ஆள் வரச் சொல்லியிருக்கிறது.

அனிதா மேடத்திடம் ஜூன் மாத விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"சொல்ல வேண்டியதுதாங்க. அது அவங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம். ஆனா இந்த வாரம் வேணாம். இப்ப சொன்னா ஒங்க பாரம் எறங்கும், அவங்களுக்கு ஏறும். டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு, அவங்க ஆளுங்க பக்கத்துல இருக்கப்ப சொல்லுங்க. மன்னிக்கணும்னு எதிர்பாத்துக்கிட்டுப் போகாதீங்க."

அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் போல.


நவம்பர் 18, திங்கள்

ஜெயந்தி வேலைக்கு வந்துவிட்டாள். பாதி நாள் மட்டும். என் லைனிலிருந்து போனதில் பதினாலு சட்டையைத் திருப்பி அனுப்பினாள். கை முனையில் கஃப் தையல் கோணல். பார்த்தேன், கோணல்தான். இத்தனை மாதமாக எல்லாவற்றையும் தேறும் என்று தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் படுகிறது.

கை கழுவுகிற இடத்தில் காதில் விழுந்தது: "ஜெயந்திக்குப் பேயி புடிச்சிருக்காம்ல, ஆஸ்பத்திரிக்குப் போறாளாம்." "பேயிக்கு எதுக்குடி ஆஸ்பத்திரி?"

நின்றேன். பழைய செல்வராணியாக இருந்தால் இரண்டு பேரையும் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். "காய்ச்சல் வந்தா போறோம்ல, அது மாதிரிதான். ஒங்களுக்குன்னாலும் நான் கூட வருவேன்" என்றேன். ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி சிரிக்கவில்லை. டீ நேரத்தில் அவள் தனியாக வந்து, எந்தக் கிழமை போகணும்க்கா என்று கேட்டாள். அம்மாவுக்காம்.


நவம்பர் 24, ஞாயிறு

நல்ல மழை. கொல்லையில் தண்ணீர் நிற்கிறது.

ஜூன் விஷயத்தை இனி அவளிடம் சொல்லலாம் என்று டாக்டரம்மா போன வியாழன் சொல்லியிருந்தார். குமார் இன்று ஊரில் இருப்பதாகவும் தெரியும். பத்து மணிக்குப் போனேன். குமாரையும் உட்காரச் சொன்னேன்.

அழாமல் சொல்ல வேண்டும் என்று முடிவு. நான் அழுதால் அவள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும். சொன்னேன். பதினொரு மணி. செக்யூரிட்டி வந்தது. என்ன சொன்னார். நான் என்ன நினைத்தேன். பன்னிரண்டரை. "ஷிப்மென்ட்டுன்னு சொல்றது ஒரு காரணமே இல்ல. நான் செஞ்சது தப்பு."

குமார் எழுந்து மழையிலேயே வெளியே போய் நின்றுகொண்டார்.

ஜெயந்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உடனே வரச் சொல்றாங்கன்னுதான் சொன்னாரா? உடனேன்னு?"

"ஆமா. உடனேன்னுதான் சொன்னாரு."

"போங்கக்கா."

போனேன். வாசலில் குமாரிடம், இன்னைக்கு அவளைத் தனியாக விட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார். சாயங்காலம் சாந்தாவுக்குப் போன் போட்டேன். சாப்பிட்டாளாம். அழுதாளாம், சத்தமாக. அம்மா செத்த அன்றுகூட இப்படி அழவில்லையாம்.

நான் சாப்பிடவில்லை. இவர் பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டும் நாரைக் கிழித்துக்கொண்டிருந்தார்.


நவம்பர் 25, திங்கள்

எச்.ஆர். சாரிடம் எழுதிக் கொடுத்தேன். ஜூனில் நடந்ததும், இனிமேல் வீட்டிலிருந்து யாருக்குத் தகவல் வந்தாலும் சூப்பர்வைசர் கையில் நிற்காமல் நேராக அவர்களிடமே போக வேண்டும் என்பதும். படித்துவிட்டு, "இது ஒங்க மேலயே புகார் மாதிரி இருக்கும்மா" என்றார். ஆமாம் என்றேன். மெமோ வரலாம். வரட்டும்.

ஜெயந்தி வந்திருந்தாள். என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. திருப்பியனுப்பும் சட்டையையும் அடுத்தவள் கையில் கொடுத்தாள்.


நவம்பர் 26, செவ்வாய்

நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். தகவல் வந்தால் உடனே ஆளிடம். கீழே மேனேஜர் கையெழுத்து. மெமோவும் வந்தது. பையில் வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டு நேரம். நான் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன். ஜெயந்தி வந்து பக்கத்துக் குழாயைத் திறந்தாள். கழுவ அவளிடம் ஒன்றும் இல்லை.

"ஒங்க மேல கோவம் இருக்கு. இப்பதைக்குப் போகாது. போகவே போகாதுன்னும் தோணுது."

"சரி."

"அண்ணன் திருப்பூர் போயிட்டான். வியாழக்கிழமை நீங்கதான் ஆஸ்பத்திரிக்கு வரணும். வேற ஆளுகிட்ட மொதல்லேருந்து சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

"வாரேன்."

குழாயை மூடிவிட்டுப் போனாள்.


நவம்பர் 28, வியாழன்

மழை விட்டு நல்ல வெயில். டவுன் பஸ்ஸில் அவள் முன் சீட்டில், நான் பின்னால். பேச்சு இல்லை. மாடி வராண்டா பெஞ்சிலும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தாள். நான் தள்ளிப் போகவும் இல்லை, நெருங்கவும் இல்லை. ஒன்றரை மணி நேரம் அப்படியே.

நர்ஸ் வந்து பெயர் கூப்பிட்டார். "கூட யாராச்சும் வந்திருக்காங்களா, இல்ல தனியாவாம்மா?"

ஜெயந்தி எழுந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"இவங்க வந்திருக்காங்க. உள்ள வரட்டும்."